காலேஜுக்குச் சாம்பிள் எடுத்த கதை

என்ன படிப்பது, எங்கே போய்ப் படிப்பது என்று முடிவு செய்கிறவனுக்கு வயது பதினாறு. அந்த முடிவைச் சுமக்கிறவனுக்கு வயது முப்பது, ஐம்பது, எழுபது. நியாயமே இல்லாத ஏற்பாடு. ஒரு ஆட்டை வாங்குவதற்குக்கூட நம் ஜனங்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். காலேஜைப் பிடிப்பதற்கு மட்டும் மீசை முளைக்காதவனைத் தனியாக விட்டுவிடுகிறார்கள்.

என்னைத் தனியாக விடவில்லை. எனக்கு உதவியாக என் நைனா இருந்தார். அதனால்தான் விஷயம் அவ்வளவு தூரம் போயிற்று.

இப்போது என் பேரன் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, மேஜைமேல் ஏழு காலேஜ்களின் விவரப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறான். (ஏழுதான். இரண்டு தரம் எண்ணினேன். ஒன்று முறுக்குத் தட்டுக்கு அடியில் கிடந்தது.) யாராவது என்னிடம் யோசனை கேட்பார்கள் என்று, இந்தக் காற்றில் முழங்கால் குடைவதையும் பொருட்படுத்தாமல், மூன்று நாளாக ஈஸிசேரை மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

காவேரியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்து, கோலார் தங்க வயலில் விளக்கெரியத் தொடங்கியிருந்த புதிது. நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தை ஒட்டி, லைன் என்கிற கம்பெனி வரிசை வீடுகளில் குடியிருந்தோம். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த நைனா, சுரங்கத்தில் சாம்பிள் மேஸ்திரியாக உயர்ந்திருந்தார். பூமிக்கு அடியில் தங்க ரேகை (ரீப் என்பார்கள்) ஓடுகிற பாறையில் ஐந்தடிக்கு ஓர் இடத்தில் உளியால் கொத்தித் துண்டெடுத்து, சின்னப் பையில் போட்டு மேலே அனுப்ப வேண்டும். மேலே அதை இடித்து, உருக்கிப் பார்த்து, அந்தப் பாறையில் தங்கம் தேறுமா தேறாதா என்று சொல்வார்கள். எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய மாட்டார். சாம்பிள் வந்தாக வேண்டும்.

இந்த வேலை நைனாவின் மூளைக்குள்ளும் இறங்கிவிட்டிருந்தது. கத்தரிக்காய் வாங்கினால் கூடையின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்து நறுக்கிப் பார்ப்பார். சபைக்குப் புதுப் பாதிரியார் வந்தால், மூன்று பிரசங்கம் கேட்காமல் அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டில் நான் மெட்ரிகுலேஷன் தேறினேன். எங்கள் லைனில் நான்தான் முதல் ஆள். அந்த வாரம் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கையை வேகமாக வீசினால் மெட்ரிகுலேஷன் கீழே உதிர்ந்துவிடும் என்பதுபோல நடந்தேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தால், அவர்கள் கேட்பதற்கு வசதியாக நின்றேன்.

அம்மாவுக்கு என் நடை பிடிக்கவில்லை. சுரங்கத்து டைம் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருந்தது. கூலியாட்கள் வருகிற நேரம், போகிற நேரம் குறிக்கிற வேலை. "இங்க்லீஸ் தெரிஞ்ச பையன வரச் சொல்றாங்களாம். கைக்கு வந்தத உட்டுட்டு எதுக்குடா ஊர் ஊரா போவணும்?" என்று அம்மா காலையிலும் மாலையிலும் கேட்டாள். நைனா ஒரு தவணை வைத்தார். மாதம் முடிவதற்குள் எந்தக் காலேஜ் என்று நான் காரணத்தோடு சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை டைம் ஆபீஸ்.

எனக்கோ காலேஜுக்குப் போயே தீர வேண்டும். ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் திடுக்கிட்டு எழுந்திருக்காத ஒரு வாழ்க்கை எங்கேயோ இருக்கிறது என்று நம்பினேன். முறையாக யோசித்தேன். ஒரு காலேஜுக்குப் பார்க்க வேண்டியவை மூன்று: இருக்கிற இடம், சொல்லிக்கொடுக்கிற பாடம், முடித்தால் கிடைக்கிற உத்தியோகம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். எங்களுக்கு எட்டுகிற ஊர்கள் பெங்களூர், வேலூர், மதராஸ். மனத்துக்குள்ளேயே மார்க் போட்டேன். மூன்றுக்கும் பதினெட்டு வந்தது. திரும்பப் போட்டேன். திரும்பவும் பதினெட்டு. பெங்களூர் குளிரும், வேலூர் காயும், மதராஸ் வேர்க்கும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அதன் அர்த்தம். காலேஜுக்குப் போன மனிதனை எங்கள் லைனில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

நைனாவிடம் போய் நின்றேன்.

"நைனா, மூணு காலேஜும் ஒரே மாதிரி கீது."

"இன்னாத்த வச்சு சொல்றே?"

"யோசிச்சுப் பாத்து."

"யோசிச்சா? உக்காந்த எடத்துல யோசிச்சு ரீப்பக் கண்டுபுடிச்சவன் எவனாச்சும் கீறானா? சாம்பிள் எட்றா."

"காலேஜ்ல எப்பிடி நைனா சாம்பிள் எடுக்கறது? செவுத்தப் பேத்துகினு வர்றதா?"

"செவுரு இன்னாத்துக்கு? அதுல படிக்கிறவன் ஒருத்தனக் கூட்டியா. எதுர்ல உக்கார வச்சுத் தட்டிப் பாப்போம். சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த யோசனை எனக்கு அபாரமாகப் பட்டது. அதோடு விட்டேனா? அதை மேலும் மெருகேற்றினேன். ஊருக்கு ஒருவராக மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வர வேண்டும் என்றேன். நைனா என் தோளைத் தட்டி, "அது பாயிண்ட்டு. மூணையும் ஒரே அடுப்புல போட்டாத்தான் எது தேறும்னு தெரியும்" என்றார். மெட்ரிகுலேஷன் படிப்பு வீண் போகவில்லை என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

அழைக்கிற பொறுப்பைச் சபை உபதேசியாரிடம் விட்டோம். சபைக் காரியமாக அவர் மூன்று ஊருக்கும் போகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நைனா அவரிடம் சொன்னது இதுதான்: நம்ம சபையில் காலேஜில் படிக்கிற நல்ல பையனாக ஊருக்கு ஒருத்தன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். படிப்பு எப்படி, உத்தியோகம் எப்படி என்று பேச வேண்டும்.

உபதேசியார் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மூன்று ஊரிலும் அதைச் சொன்னார். கேட்டவர்கள், "மேஸ்திரி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று விசாரித்தார்கள். "மேஸ்திரி, சம்சாரம், பத்தொன்பது வயசில் ஒரு பெண், பதினாறு வயசில் ஒரு பையன்." "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" "இல்லை." அவ்வளவுதான். உண்மையை மட்டும் பேசி இவ்வளவு பெரிய விபத்தை உண்டாக்கிய இன்னொரு மனிதரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் என் அக்கா எஸ்தர். இதுவரை அவளைப்பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்திலும் நான் அவளைப்பற்றி யோசித்தது கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு எதுவரை வகுப்பு இருந்ததோ அதுவரை படித்தாள். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். மீதி நேரமெல்லாம் சமையற்கட்டில் இருப்பாள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

அந்த ஞாயிறு வந்தது. கோயிலிலிருந்து இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டோம். ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. நான் இருபத்தோரு கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்; இடத்துக்கு ஏழு, பாடத்துக்கு ஏழு, உத்தியோகத்துக்கு ஏழு.

முதலில் வந்தது பெங்களூர். ஒருவனை எதிர்பார்த்தேன், ஐந்து பேர் வந்தார்கள். கோட்டும் தொப்பியுமாகப் பையன், அவன் அம்மா, பட்டுச் சேலையில் ஓர் அத்தை, பின்னால் இரண்டு ஆண்கள். அத்தை கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் பழமும் பூவும். சாம்பிளோடு பழமும் வருவதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். மரியாதை தெரிந்த ஊர் என்று இடத்துக்கு ஒரு மார்க் கூட்டினேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் பையனிடம் கேட்டேன். "உங்க ஊர்ல தண்ணி வசதி எப்பிடி?"

பதில் அத்தையிடமிருந்து வந்தது. "வாசல்லியே கொழாய். கொடம் தூக்கற வேலையே கெடையாது."

"இன்னா பாடம் எடுத்திருக்கீங்க?"

"சயின்ஸ்" என்றாள் பையனின் அம்மா. "கிளாஸ்ல இவன்தான் முதல்ல வரான்."

"முடிச்சா உத்தியோகம்?"

"மின்சார ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சிகினு கூப்பிட்டுகினே கீறாங்க" என்றாள் அத்தை. பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையின் கண் மட்டும் என் தோளுக்கு மேலாகச் சமையற்கட்டையே பார்த்தது. பாவம், பசி என்று நினைத்தேன்.

நைனா குனிந்து என் காதில், "நல்ல சத்தம் வருதுடா" என்றார்.

அப்போது வாசலில் வேலூர் வந்து நின்றது. நான்கு பேர். பையன், அவன் அப்பா, ஒரு பெரியம்மா, முறுக்கு மீசை வைத்த ஒரு மாமா. பெரியம்மா கையில் ஒரு தாம்பாளம்.

இரண்டு தாம்பாளங்களும் ஒன்றையொன்று பார்த்தன. நைனா எழுந்து, "வாங்க, வாங்க. நெருக்கி உக்காருங்க" என்று பெஞ்சைத் தட்டினார். அத்தை நெருங்கவில்லை.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டாள்.

வேலூர் மாமா மீசையைத் தடவினார். "நாங்க வேலூர்லருந்து வரோம்மா. பொண்ணு பாக்க வந்திருக்கோம். நீங்க ஒறவுக்காரங்களா?"

"நாங்களும் பொண்ணு பாக்கத்தான் வந்திருக்கோம்."

"இந்த வீட்லயா?"

"இந்த வீட்லதான்."

"எத்தினி பொண்ணு கீது இங்க?"

"ஒண்ணுன்னுதானே சொன்னாங்க!"

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவருக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை. இரண்டு சாம்பிள்களும் வந்து சேர்ந்துவிட்ட திருப்தியில் இருந்தார். கையைத் தேய்த்துக்கொண்டு, "அவசரப்படாதீங்க, இன்னும் மதராஸ் வரணும். மூணையும் ஒண்ணா வச்சுப் பாத்துட்டா வேலை சுளுவா முடிஞ்சிடும்" என்றார்.

தகரக் கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. காது இரண்டும் சுட்டன. இருபத்தோரு கேள்விகளும் ஒரே நொடியில் மறந்துபோயின. இவர்கள் குழாயைப்பற்றிச் சொன்னது, நாற்காலியைப்பற்றிச் சொன்னது எதுவும் எனக்காகச் சொன்னதல்ல. எஸ்தருக்காகச் சொன்னது. பெண்ணுக்கு ஒரே நாளில், ஒரே பெஞ்சில், மூன்று மாப்பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கிற குடும்பம் என்று அன்று சாயங்காலத்துக்குள் தங்க வயலின் இன்னொரு சுரங்கமான கோரமண்டல் வரை பேசுவார்கள்.

அந்த நேரம் பார்த்து மதராஸ் வந்தான். ஒல்லி ஆள், தனி ஆள். கோரமண்டலில் இருக்கிற தன் சித்தப்பா வீட்டுக்கு லீவில் வந்தவன், அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தான். தாம்பாளம் இல்லை. அக்குளில் ஒரு தடித்த புத்தகம்.

"காலேஜ் விவரம் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்னு உபதேசியார் சொன்னாரு. விவரமெல்லாம் அச்சடிச்ச காலேஜ் காலண்டர் பொஸ்தகத்தையே எடுத்துகினு வந்துட்டேன். யாருக்குச் சொல்லணும்?"

சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொண்டு வந்தவன் மூன்று ஊரிலும் அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

"பூ எடுத்துகினு வராம பொஸ்தகம் எடுத்துகினு வந்திருக்கான் பாரு" என்று அத்தை வேலூர்ப் பெரியம்மாவிடம் சொன்னாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எதிரிகளாக இருந்தவர்கள் இப்போது ஒரு கட்சி. "இது ஒரு தினுசு. ரொம்ப சாமர்த்தியம்."

சமையற்கட்டுக்குள் ஓடினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். "நீலச் சேலைய கட்டிகினு வாடி, மூணு பேருக்கும் ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிடு, மானம் போவுது" என்று எஸ்தரிடம் கெஞ்சினாள். வாசலில் லைனே கூடி நின்றது. எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

"இது யார் வேலை?"

"நைனாவும் நானும்..." என்றேன். நைனாவின் பெயரை முதலில் சொன்னதை இன்றைக்கும் அவள் மன்னிக்கவில்லை.

எஸ்தர் நீலச் சேலை கட்டவில்லை. மஞ்சள் கறை படிந்த சேலையோடு, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் அறை நடுவில் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உங்களக் கூப்ட்டது எனக்காக இல்ல. எந்தம்பி காலேஜுக்குப் போவணும். எந்தக் காலேஜ் நல்லதுன்னு தெரிஞ்சிக்க ஊருக்கு ஒருத்தர சாம்பிள் எடுத்துகினு வரச் சொல்லியிருக்கான். எங்க நைனாவும் சரின்னுட்டாரு. என்னை யாரும் கேக்கல. உங்களுக்கும் யாரும் வெளக்கமாச் சொல்லல. தப்பு எங்க பேர்ல. வந்துட்டீங்க, சாப்ட்டுட்டுப் போங்க."

அத்தை எழுந்தாள். "சாம்பிளா? எங்க பையன் இன்னா கல்லா, மண்ணா?"

நைனாவுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. "கல்லுன்னா கேவலமாம்மா? பத்துப் பதினஞ்சு வருசமா நான் கல்லத்தான் மரியாதையாப் பாத்துகினு வரேன். உங்க பையன அதே மரியாதையோடதான் பாத்தேன்" என்றார். ஆறுதல் சொல்லுவதாகத்தான் அவர் நினைத்தார்.

அத்தை தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். வேலூரும் புறப்பட்டது. வாசல்வரை போன பிறகுதான் ஞாபகம் வந்தது: இரண்டு ஊருக்கும் வண்டி மாறுகிற பௌரிங்பேட்டைக்கு அடுத்த ரயில் சாயங்காலம். இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. வெளியே நெருப்பாக வெயில். தெரிந்த வீடு வேறு கிடையாது. உள்ளே ஆட்டுக்கறி வாசனை.

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு கோபமான பந்தியை நான் அப்புறம் பார்த்ததில்லை. குழம்பு கேட்பதைக்கூட ஒருவரையொருவர் பார்க்காமல் கேட்டார்கள். நான் தையல் இலை போட்டேன், தண்ணீர் வைத்தேன், யார் கண்ணிலும் படாமல் குனிந்தே நடந்தேன். மூன்று பேருக்கென்று சமைத்த குழம்பில் அம்மா வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வேலூர்ப் பையன்தான் முதலில் வாய் திறந்தான். அதுவரை அவன் குரலே எங்களுக்குத் தெரியாது. இலையைப் பார்த்தபடி, "தம்பி, ஒண்ணு சொல்லணும். நான் காலேஜ்ல மொத ரெண்டு வருசத்துப் பரீட்சையே, எஃப்.ஏ.வே பாஸ் பண்ணல. கணக்குல போயிடுச்சு" என்றான்.

"டேய்!" என்றார் மாமா.

"பொண்ணுதான் இல்லன்னு ஆயிடுச்சே மாமா. இன்னும் இன்னாத்துக்கு பாஸ்?"

அந்த வார்த்தை மடையைத் திறந்துவிட்டது. பெங்களூர்ப் பையன் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தான். "மின்சார ஆபீஸ் வேலை காத்திருக்கறது உண்மைதான். ஆனா ஒரு நாற்காலிக்கு எங்க கிளாஸ்ல இருபது பேர் காத்துகினு கீறோம். நான் முதல்லல்லாம் வர்றதில்ல, தம்பி. நடுவுல எங்கியாச்சும் வருவேன்." அவன் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவன் முகத்திலோ இறுக்கிக் கட்டிய ஷூவைக் கழற்றியவனின் நிம்மதி. "காலேஜ் நல்ல காலேஜ். பாடமும் நல்லாத்தான் சொல்லித் தராங்க. வெளியூர்ப் பையனுக்குத் தங்கற எடந்தான் கஷ்டம். நம்ம சபை ஹாஸ்டல் ஒண்ணுதான். அத்தை வீட்டுக்காரர்தான் அதுக்கு வார்டன்."

"அந்த ஹாஸ்டல்ல இந்தப் பையனுக்கு ஒரு பாய் விரிக்கக்கூட எடம் கெடையாது!" என்றாள் அத்தை. பெங்களூர் அப்படிப் போயிற்று.

வேலூர் மாமா பின்தங்க விரும்பவில்லை. அவர் அந்தக் காலேஜ் ஆபீஸிலேயே தலைமைக் குமாஸ்தாவாம். "எங்க வாசப்படிய மிதிச்சுப் பாரு தம்பி. மிதிச்சுத்தான் பாரேன்" என்று எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். வேலூரும் போயிற்று.

மதராஸ்காரனை அதுவரை ஒருவரும் பேச விடவில்லை. இப்போது பிடித்துக்கொண்டான். உப்புத் தண்ணீர், மூட்டைப்பூச்சி, வேர்வையில் கடிதாசு ஒட்டிக்கொள்கிற கொடுமை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "உத்தியோகம் எப்பிடி?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன். "பி.ஏ. படிக்காட்டியும் குமாஸ்தா, படிச்சாலும் குமாஸ்தா. படிச்சா நாற்காலில முதுகு சாயறதுக்கு ஒரு பலகை இருக்கும்" என்றான்.

மாப்பிள்ளைகளாக இருந்தவரை அவர்களிடமிருந்து ஒரு துண்டு உண்மைகூடப் பெயரவில்லை. மாப்பிள்ளை இல்லை என்றானதும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். நைனா மகிழ்ந்து போய்விட்டார். "பாத்தியா? நெருப்புல போட்டப்புறந்தான் தெரியுது" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கோ அழுகை வந்தது. மாதம் முடிய இன்னும் நாலு நாள். இருந்த மூன்று காலேஜில் இரண்டு என் கண்ணெதிரே சாத்திக்கொண்டன. மூன்றாவது, மூட்டைப்பூச்சி. இப்படிப்பட்ட ஊருக்கு அம்மா ஒருநாளும் அனுப்ப மாட்டாள். டைம் ஆபீஸின் சங்கு என் காதுக்குள்ளேயே ஊத ஆரம்பித்தது.

அப்போது சமையற்கட்டு வாசலிலிருந்து எஸ்தரின் குரல் வந்தது. மதராஸ்காரனைப் பார்த்து.

"அங்க பொம்பளைங்களுக்கு இன்னா படிப்பு கீது?"

அவன் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் காலண்டரைப் புரட்டினான். "டீச்சர் ட்ரெய்னிங் கீது. மிஷன்காரங்க நடத்தறாங்க. ரெண்டு வருசம்."

"தங்கறது?"

"அங்கியேதான். வெளில போவவே தேவல்ல."

"முடிச்சா?"

"பொம்பளை டீச்சருங்க போதல. எந்த மிஷன் பள்ளிக்கூடத்துலயும் எடுத்துக்குவாங்க."

பாடம், இடம், உத்தியோகம். மூன்றே கேள்வி. நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, மூன்று ஊரைத் திரட்டி, ஒரு ஆட்டைக் கொன்று தெரிந்துகொள்ள முடியாததை அவள் கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டாள்.

சாயங்கால ரயிலில் இரண்டு ஊர்க்காரர்களும் போனார்கள்; மதராஸ்காரன் வந்த வழியே நடந்து போனான். வேலூர்ப் பையன் மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

நான் பயந்ததற்கு மேலேயே நடந்தது. மறுநாள் குழாயடியில் அவளுக்கு 'மூணு மாப்பிள்ளை எஸ்தர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போகாமல் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தாள். "இனிமே இவள எவன் வந்து கேப்பான்?" என்று அழுதாள்.

மூன்றாம் நாள் எஸ்தர் சோற்றைப் பரிமாறிக்கொண்டே பேச்சை எடுத்தாள். "யாரும் வந்து கேக்க வேணாம். ரெண்டு வருசம் நான் மதராஸ்ல படிக்கறேன். அதுக்குள்ள இவங்க வேற யாரையாச்சும் புடிச்சுகினு என்னை மறந்துடுவாங்க."

"பொண்ணத் தனியா பட்டணத்துக்கு அனுப்பறதா?" என்றாள் அம்மா.

"தனியா இன்னாத்துக்கு? இவன் எதுக்கு கீறான்? ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கட்டும். அங்கியே எதுனா காலேஜ்ல சேத்து உடுங்க."

எதுனா காலேஜ்! அவள் ட்ரெய்னிங் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எது இருந்ததோ அதில் சேர்ந்தேன். இடம், பாடம், உத்தியோகம் எதையும் ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் எஃப்.ஏ.யில் ஒரு தரம் கணக்கில் விழுந்து எழுந்து, ஊர் திரும்பி, கடைசியில் அதே டைம் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். (நாற்காலியில் முதுகு சாயப் பலகை இருந்தது. மதராஸ்காரன் பொய் சொல்லவில்லை.) எஸ்தர் தங்க வயலிலேயே ராபர்ட்சன்பேட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை ஆனாள். குழாயடியில் பெயர் வைத்தவர்களின் பெண்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தேழாம் வயதில் தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அந்த மூன்று பேரில் ஒருவரல்ல.

ஆனால் குடும்பத்தில் இன்றுவரை பேசப்படுவது அதெல்லாம் இல்லை. மதராஸுக்கு நாங்கள் ரயிலில் போனபோது நடந்தது ஒன்று. வண்டி நகர்ந்தவுடனே எஸ்தர் கட்டுச்சாதத்தை அவிழ்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"இப்பத்தானே கெளம்பினோம். அதுக்குள்ள பசியா?" என்றேன்.

"அந்த ஞாயித்துக்கெழமலருந்தே பசி. அன்னிக்கு எல போட்டது நீதானே? எத்தினி போட்டே?"

பெருமையாகச் சொன்னேன். "வந்தவங்க பத்து, நைனா, நானு. பன்னெண்டு. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு கொறையும் இல்ல."

"வீட்ல எத்தினி பேர் இருந்தோம்?"

மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வந்தது. அம்மாவுக்கும் அவளுக்கும் நான் இலை போடவே இல்லை. பானையில் ஒரு பருக்கை மிஞ்சவும் இல்லை. வெந்நீர் கலந்த குழம்பைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள்.

"கூரைல எத்தினி தகடுன்னு கேட்டா சொல்லுவே" என்றாள் எஸ்தர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. "என்னை மட்டும் எண்ண மாட்டே."

அவள் ஒரு உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அதை அவள் யாரிடமெல்லாம் சொன்னாள் என்று கணக்கே இல்லை. ஐம்பது வருஷமாக எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு வண்டி பிடித்தாலும், பந்திக்கு ஆள் எண்ணினாலும், எண்ணி முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "எஸ்தரை எண்ணியாச்சா?" அவள் நூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் கேட்பார்கள். கதை தெரியாத மருமகள்கள்கூட வந்த மாதமே கற்றுக்கொண்டார்கள்.

இப்போது அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். இன்று காலையில் பேரன் ஏழு புத்தகங்களையும் வாரி எடுத்துக்கொண்டு, என் ஈஸிசேரைச் சுற்றிக்கொண்டு, நேரே அவள் அறைக்குப் போனான். அரை மணியில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். எந்தக் காலேஜ் என்று எனக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷம், நின்றபடியே ஆட்களை எண்ணினேன். உள்ளிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "மாமா, எஸ்தரை எண்ணியாச்சா?"

நான் திரும்புவதற்குள் அக்கா வாய் நிறையச் சோற்றோடு கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீ எண்ணற வரைக்கும் எவ காத்துகினு கீறா? நான் ரெண்டாவது தரம் போட்டுகினு கீறேன்."